எழுதுறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர் எங்க போகும்னு யோசிங்க: யூதர்கள் கடவுள் பேரை எழுதுற முறை, புதுசா வர்றவங்களுக்கு

ஹீப்ரு கத்துக்க ஆரம்பிக்கிறவங்க எல்லாருமே மூணாவது நாலாவது வாரத்துல ஒரு இடத்துல வந்து நிப்போம். எழுத்து 22ம் தெரிஞ்சிருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்க வந்திருக்கும், சரி பைபிள்ல இருந்து ஒரு வரியை நோட்ல எழுதிப் பாப்போம்னு தோணும், அந்த வரியில பெரும்பாலும் கடவுளோட அந்த நாலு எழுத்துப் பேர் இருக்கும், ஏன்னா ஹீப்ரு பைபிள் முழுக்க அது ஏறக்குறைய 6,800 தடவை வருது. நானும் அப்படித்தான் பென்சில்ல எழுதினேன், ஒரு எழுத்து கோணலா வந்துடுச்சு, ரப்பரை எடுத்தேன். வீடியோ கால்ல எதிர்ல இருந்த டீச்சர் "வேண்டாம், அழிக்காதீங்க, அப்படியே விட்டுடுங்க"ன்னாங்க. கோவமெல்லாம் இல்ல, குழந்தை கையில இருந்து கண்ணாடி டம்ளர் நழுவுறப்ப வீட்ல ஒரு குரல் வருமே, அந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு மீதி கிளாஸ் பூரா இதைப் பத்தித்தான் பேசினோம், அதுக்கப்புறம் நான் தேடித் தேடிப் படிச்சதும் இதைத்தான். ஹீப்ரு படிக்கிறவங்க, பைபிள் ஆராய்ச்சி பண்றவங்க, டிடிபி வேலை பாக்குறவங்க, யூதர்கள் வீட்லயோ ஆபீஸ்லயோ வேலை செய்றவங்க, உங்க யாருக்கு வேணும்னாலும் பயன்படட்டும்னு ஒரு ஒழுங்குல எழுதறேன்.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைச் சரி பண்ணிக்கலாம். "யூதர்கள் கடவுள் பேரை எழுதவே மாட்டாங்க"ன்னு நிறைய பேர் சொல்வாங்க, அது சரியில்ல. எழுதுவாங்க. தோரா (பைபிளோட முதல் அஞ்சு புத்தகம்) சுருள்ல, ஜெப புத்தகத்துல எல்லாம் முழுசா எழுதித்தான் இருக்கு. எழுதினதை அழிக்கக் கூடாது, அதுதான் விதி. உபாகமம் 12ம் அதிகாரத்துல, மத்த ஜனங்களோட பலிபீடங்களை இடிச்சு அவங்க தெய்வங்களோட பேரை அந்த இடத்துல இல்லாம பண்ணுங்கன்னு சொல்லிட்டு, அடுத்த வசனத்துலயே உங்க கடவுளுக்கு அப்படிச் செய்யாதீங்கன்னு வருது. இந்த ரெண்டு வசனத்துல இருந்துதான் மொத்த சட்டமும் கிளம்புது. எழுதற கை முக்கியம்தான், ஆனா எழுதின பேப்பர் கடைசியா எங்க போய்ச் சேரும்ங்கறதுதான் இங்க பெரிய கேள்வி.

இதுக்கு தல்மூத்ல, அதாவது யூத அறிஞர்களோட பழைய சட்ட விவாதத் தொகுப்புல, ஒரு சம்பவம் இருக்கு, ரோஷ் ஹஷானா பகுதியில. கிரேக்க அரசு கடவுள் பேரைச் சொல்லக் கூடாதுன்னு தடை போட்டுச்சாம். ஹஸ்மோனியங்கற யூத வம்சத்துக்காரங்க அவங்களை ஜெயிச்சதும், தடைக்குப் பதிலடியா இனிமே கடன் பத்திரத்துல கூட கடவுள் பேரை எழுதணும்னு உத்தரவு போட்டாங்க, "உன்னதமான கடவுளோட பிரதான ஆசாரியர் யோஹனான் காலத்துல இத்தனையாவது வருஷம்"னு தேதி போடற வழக்கம் வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, பக்தியான உத்தரவு. ஆனா அறிஞர்கள் இதைக் கேட்டு என்ன சொன்னாங்க தெரியுமா, நாளைக்கு இவன் கடனை அடைச்சிடுவான், அடைச்சதும் பத்திரம் குப்பை மேட்டுக்குப் போகும், அப்ப அதுல இருக்கிற பேர்? உடனே அந்த வழக்கத்தை நிறுத்தினாங்க, நிறுத்தின நாளை, திஷ்ரி மாசம் 3ம் தேதி, ஒரு சந்தோஷ நாளாவே குறிச்சு வச்சாங்க. கடவுள் பேரை எடுத்ததுக்கு ஒரு பண்டிகை! இந்தச் சம்பவம் புரிஞ்சிட்டா கீழ சொல்றது எல்லாமே தானா புரியும்.

இப்ப வேலைக்கு வருவோம். எந்தெந்தப் பேர் இதுல அடங்கும்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். 12ம் நூற்றாண்டுல மைமோனிதீஸ், யூதர்கள் ரம்பம்னு சொல்வாங்க, அவர் தன்னோட சட்டத் தொகுப்புல ஏழு பேர்னு கணக்கு சொல்றார். யோத், ஹே, வாவ், ஹேன்னு நாலு எழுத்துல வர்ற பேர் (அதோனாய்னு எழுதினாலும் அதே கணக்குதான்), எல், எலோஆ, எலோஹிம், எலோஹாய், ஷதாய், த்ஸெவாஓத். பட்டியல் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும், யாத்திராகமத்துல மோசேக்குச் சொல்லப்படற "இருக்கிறவராக இருக்கிறேன்"ங்கறதுல வர்ற எஹ்யேவையும் சேத்துக்கிறவங்க உண்டு. இதுக்கு வெளிய இருக்கிற இரக்கமுள்ளவர், வல்லவர், பெரியவர் மாதிரி வார்த்தை எல்லாம் அடைமொழி, எழுதிட்டு அழிச்சா தப்பில்ல.

இதுல இலக்கணம் வேற இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. தமிழ்ல "கடவுளுக்கு"ன்னா உருபு பின்னாடி ஒட்டும், ஹீப்ருல "க்கு"ங்கறது முன்னாடி ஒட்டும். அப்படி முன்னாடி ஒட்டுற எழுத்தை அழிக்கலாம், அதுக்குப் புனிதம் இல்ல. ஆனா "உன் கடவுள்"னு சொல்ல எலோஹேகான்னு பின்னாடி ஒரு எழுத்து ஒட்டும் பாருங்க, அதை அழிக்கக் கூடாது, ஏன்னா பேர் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு, பேரோட புனிதம் பின்னாடி ஒட்டுற எழுத்துக்கும் போயிடும்னு சொல்றாங்க. பாதியில நிறுத்தினா? எலோஹிம் எழுத வந்து முதல் ரெண்டு எழுத்தோட நிறுத்திட்டீங்கன்னா அது எல்னு தனிப் பேராவே நிக்கும், அழிக்கக் கூடாது. நாலு எழுத்துப் பேர்ல முதல் ரெண்டு எழுத்து யாஹ்னு நிக்கும், அதுவும் அப்படித்தான். ஆனா ஷதாய்ல முதல் ரெண்டு எழுத்து மட்டும் எழுதியிருந்தா அதுக்குத் தனியா பேர்ங்கற அந்தஸ்து இல்ல, அழிச்சுக்கலாம். அதே எலோஹிம்ங்கற வார்த்தை பைபிள்ல சில இடத்துல நியாயாதிபதிகளையும் வேற தெய்வங்களையும் குறிக்கும், அங்க இந்த விதியே கிடையாது. தானியேல், மிகாவேல், இஸ்ரவேல் மாதிரி ஆள் பேர்லயும் எல் இருக்கு, அது மனுஷன் பேர்னு எழுதறதால சாதாரணமா எழுதிக்கலாம்.

அடுத்தது வாசிக்கிறது. இது எழுதற விஷயம் இல்லன்னாலும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னினது. அந்த நாலு எழுத்தை எழுதியிருக்கிற மாதிரி யாரும் உச்சரிக்கிறதில்ல. ஜெபத்துலயும் சபையில (யூதர்களோட ஜெப ஆலயத்துல) தோரா வாசிக்கிறப்பவும் அதோனாய்னு சொல்வாங்க, மத்த பேச்சுல ஹாஷெம், அதாவது "அந்தப் பேர்". நம்ம பாட்டி காலத்துல புருஷன் பேரைச் சொல்லாம "அவுக"ன்னு சொன்னாங்களே, மரியாதையில பேரையே தொடாத அந்தப் பழக்கம் தெரிஞ்ச நமக்கு இது புரியறது கஷ்டமில்ல. எருசலேம் ஆலயம் இருந்தப்ப, பாவ நிவாரண நாளான யோம் கிப்பூர்ல பிரதான ஆசாரியர் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்வார், முற்றத்துல நிக்கிற ஜனங்க முகங்குப்புற விழுவாங்கன்னு தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாங்கற பழைய சட்டத் தொகுப்புல இருக்கு. 70ம் வருஷம் ரோமர்கள் ஆலயத்தை இடிச்சாங்க, அதோட அதுவும் போச்சு.

தமிழ் பைபிள் படிக்கிறவங்களுக்கு இங்க ஒரு நேரடி தொடர்பு உண்டு. அதுல "கர்த்தர்"னு வர்ற இடத்துல எல்லாம் பெரும்பாலும் மூலத்துல இந்த நாலு எழுத்துதான் இருக்கு, அதோனாய்னு வாசிக்கிற யூதப் பழக்கம்தான் கிரேக்கம் வழியா வந்து நம்ம கர்த்தர் ஆச்சு. யாத்திராகமம் 6:3 மாதிரி சில இடத்துல மட்டும் யேகோவான்னு வரும், அந்த உருவம் நாலு எழுத்தோட மெய்க்கு அதோனாயோட உயிர்க்குறியைச் சேத்துப் படிச்சதால வந்தது. உயிர்க்குறி போட்டவங்க "இங்க அதோனாய்னு வாசி"ன்னு ஞாபகப்படுத்தத்தான் போட்டாங்க, அதை சேத்து உச்சரிக்கறதுக்கு இல்ல. அதனால யூத நண்பர்கள்கிட்ட பேசுறப்ப யேகோவா, யாவேன்னு எல்லாம் சொல்லாதீங்க, ஹாஷெம்னு சொல்லுங்க, அவங்க முகத்துல ஒரு நிம்மதி தெரியும்.

சரி, நோட்ல எப்படித்தான் எழுதறது? வழி நிறைய இருக்கு. ரொம்ப சுலபமானது ஹே எழுத்தை மட்டும் எழுதி பக்கத்துல மேல ஒரு சின்னக் கோடு போடறது, அது ஹாஷெம்ங்கறதுக்குச் சுருக்கம். தாலெத் எழுத்து போட்டு அதே மாதிரி கோடு போடறவங்களும் உண்டு. ஜெப புத்தகங்கள்ல ரெண்டு யோத் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அதைப் பாத்தா அதோனாய்னு வாசிக்கணும். மத்த பேருக்கு நடுவுல ஒரு எழுத்தை மாத்துவாங்க, எலோஹிம்ல ஹேக்குப் பதிலா கோஃப் போட்டா எலோகிம், எல்ல அலெஃபுக்குப் பதிலா கோஃப் போட்டா கேல். கிளாஸ்ல இலக்கணம் பேசுறப்ப, வசனத்தை மேற்கோள் காட்டுறப்ப வாயாலயும் இப்படியே சொல்வாங்க, ஜெபம் பண்றப்ப மட்டும் உள்ளபடி. நீங்க ஹோம்வொர்க் எழுதறப்ப இந்தச் சுருக்கங்களை இன்னைக்கே பழகிக்கோங்க, பின்னாடி மாத்தறது கஷ்டம்.

நம்ம ஊர்ல பக்கத்து மேல பிள்ளையார் சுழி போடற மாதிரி, பக்தியான யூதர்கள் லெட்டரோ நோட்டோ எது எழுதினாலும் வலது பக்க மேல் மூலையில சின்னதா மூணு எழுத்து போடுவாங்க, பேத், சமெக், தாலெத். "வானத்தோட உதவியால"ங்கற அராமிய வாக்கியத்தோட சுருக்கம் அது. இன்னும் சிலர் பேத், ஹேன்னு ரெண்டு எழுத்து போடுவாங்க, அதுல ஹே ஹாஷெமைக் குறிக்குது. அந்த ஒரு ஹே கூட குப்பைக்குப் போகக் கூடாதுன்னு நினைக்கிறவங்கதான் வானம்னு சொல்ற மூணெழுத்துக்கு மாறினாங்க. மறுபடியும் பாருங்க, பேப்பர் எங்க போகும்ங்கற அதே யோசனைதான்.

எண் எழுதறப்பவும் ஜாக்கிரதை. ஹீப்ருல எழுத்தே எண், யோத் 10, ஹே 5, வாவ் 6. அப்ப 15ன்னா யோத் ஹே, 16ன்னா யோத் வாவ் வரணும், ஆனா ரெண்டுமே அந்தப் பேரோட துண்டு. அதனால 15க்கு 9ம் 6ம் (தெத் வாவ்), 16க்கு 9ம் 7ம் (தெத் ஸயின்) போடுவாங்க. மரங்களோட புத்தாண்டுன்னு கொண்டாடற தூ பிஷ்வாத் பண்டிகையில "தூ"ங்கறது இந்தத் தெத் வாவ்தான், ஷெவாத் மாசம் 15ம் தேதின்னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகையோ காலண்டரோ டிசைன் பண்றவங்க சாஃப்ட்வேர் தானா போடற எண்ணை நம்பாம இந்த ரெண்டு தேதியை மட்டும் கண்ணால ஒரு தடவை பாத்துடுங்க.

ஷாலோம்ங்கற வார்த்தையையும் சொல்லணும். அதுவும் கடவுளோட ஒரு பேர்னு தல்மூத்ல இருக்கு, அதனால குளியல் அறையில நின்னு ஷாலோம்னு வணக்கம் சொல்லக் கூடாதுன்னு வரும். லெட்டர்ல கடைசி மெம் எழுத்தை விட்டுட்டு எழுதற பழக்கம் உள்ளவங்க இருக்காங்க. எல்லாரும் இல்ல. அப்படி ஒரு லெட்டர் வந்தா எழுத்துப்பிழைன்னு நினைச்சுத் திருத்திடாதீங்க, அதுக்காகத்தான் சொன்னேன்.

இப்ப, தெரியாம எழுதிட்டீங்க. என்ன பண்றது? ரப்பர், வொயிட்னர், அடிச்சு விடறது, கிழிக்கிறது, எரிக்கிறது எதுவும் வேண்டாம். தப்பா வந்த வார்த்தையை அப்படியே விட்டுட்டு பக்கத்துல சரியா எழுதுங்க. அந்தத் தாளை ஒரு கவர்ல போட்டுத் தனியா வைங்க. பேப்பர்ல இல்லாம பாத்திரத்துலயோ கருவியிலயோ பேர் பொறிச்சிருந்தா, அதை உருக்கக் கூடாது, பேர் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பத்திரமா வச்சிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்ங்கறது பழைய சட்டம். உடம்புல எழுதியிருந்தா கூட விதி இருக்கு, குளிக்கிறப்ப தண்ணி பட்டு அழியக் கூடாது, ஒரு கோரைப்புல்லைச் சுத்திக் கட்டிட்டுக் குளிக்கணுமாம். இவ்வளவு தூரம் யோசிச்சிருக்காங்களேன்னு படிக்கிறப்ப எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு.

அழிக்கச் சொல்லி தோராவே கட்டளை போடற ஒரே ஒரு இடம் இருக்கு, எண்ணாகமம் 5ம் அதிகாரம். புருஷன் பொண்டாட்டி மேல சந்தேகப்படறப்ப ஆசாரியர் சாப வார்த்தைகளை எழுதி, பேரோட சேத்து, தண்ணியில கரைச்சு அவங்களைக் குடிக்க வைப்பார். இதைப் பத்தி தல்மூத் சொல்றது, ஒரு வீட்ல சமாதானம் வரணும்னா புனிதமா எழுதின என் பேர் தண்ணியில அழிஞ்சாலும் பரவாயில்லன்னு கடவுளே சொல்றாராம். அந்தச் சடங்கு அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுமையா இருந்திருக்கும்னு எனக்கு இன்னைக்கும் உறுத்தும், அதையும் சேத்தே சொல்லிடறேன், ஆனா இந்த விளக்கத்தைப் படிச்சதுல இருந்து மறக்க முடியல.

பிரிண்டிங் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். யூத கஸ்டமருக்கு ஹீப்ரு வாசகத்தோட ஏதாவது பண்றீங்கன்னா, ஆர்டர் எடுக்கிறப்பவே பேர் முழுசா வரணுமா சுருக்கமான்னு கேளுங்க. கல்யாணப் பத்திரிகையில வசனம் போட்டா அது நூத்துக்கணக்குல போகும், பாதி மறுநாளே குப்பைக்குப் போகும், அதனாலதான் பெரும்பாலும் ஹே போட்டுக் கோடுதான் கேப்பாங்க. டெஸ்ட் பிரிண்ட், ப்ரூஃப், மிஷின்ல கசங்கின ஷீட், கட்டிங்ல விழற துண்டு, பேர் முழுசா இருந்தா எல்லாத்தையும் சேத்து வச்சு அவங்ககிட்டயே ஒப்படைங்க. பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க, நாளைக்கு அதுல யாரோ வடை மடிச்சுக் குடுப்பாங்க. அச்சுக்குக் கையெழுத்து அளவுக்குப் புனிதம் உண்டா, ப்ரூஃபுக்கு உண்டான்னு ராபிக்களுக்குள்ளயே (யூத மத குருக்கள்) நிறைய விவாதம் இருக்கு, அதை நாம தீர்மானிக்க வேண்டாம். டீ ஷர்ட், காபி மக், மிதியடி இதுல எல்லாம் எந்த ஹீப்ரு வசனமும் வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல கடைக்கும் ஆட்டோவுக்கும் எல்ஷடாய், யெகோவாயீரேன்னு பேர் வைக்கிறது சகஜம், தமிழ்ல எழுதற வரைக்கும் இந்தச் சட்டத்துக்குள்ள வராது. ஆனா அழகா இருக்கேன்னு அதையே விசிட்டிங் கார்டுல ஹீப்ரு எழுத்துல அடிச்சு ஒரு யூதர் கையில குடுத்தீங்கன்னா, அதை அவர் எங்கயும் போட முடியாம வச்சுக்கிட்டு இருப்பார்.

கம்ப்யூட்டர்ல? ஸ்கிரீன்ல தெரியறது வெறும் ஒளி, நிலையான எழுத்து இல்ல, அதனால பேக்ஸ்பேஸ் அடிக்கிறதோ ஃபைலை டெலிட் பண்றதோ தப்பில்லன்னுதான் பெரும்பாலான ராபிக்கள் சொல்றாங்க. டேப் ரெக்கார்டர் காலத்துலயே ராபி மோஷே ஃபைன்ஸ்டைன்கிட்ட பதிவை அழிக்கலாமான்னு கேட்டிருக்காங்க, டேப்ல எழுத்து வடிவமே இல்ல, அதனால அந்தத் தடை சட்டப்படி வராதுங்கற பக்கமாத்தான் அவர் போறார். அப்படியும் சாட்ல டைப் பண்றப்ப ஹே போட்டுக் கோடு போடறவங்கதான் அதிகம், யாராவது பிரிண்ட் எடுத்துட்டா என்ன பண்றதுன்னு.

இங்கிலீஷ்ல ஜி எழுதி ஒரு கோடு போட்டு டி எழுதறதைப் பாத்திருப்பீங்க. இது சட்டம் இல்ல, பழக்கம். 17ம் நூற்றாண்டுல ஷாக்னு அழைக்கப்பட்ட ராபி ஷப்தாய் ஹாகோஹென், வேற மொழியில எழுதின பேருக்கு அந்தப் புனிதம் இல்ல, அழிக்கலாம்னு எழுதியிருக்கார். இருந்தாலும் மரியாதைக்காக நிறைய பேர் கோடு போடறாங்க, போடாத பக்தியான யூதர்களும் இருக்காங்க, ரெண்டு பக்கமும் தப்பு இல்ல. அவங்க எப்படி எழுதறாங்களோ அப்படியே பதில் எழுதுங்க, போதும். தமிழ்ல கடவுள்னு முழுசா எழுதலாம், அதுக்கு நடுவுல யாரும் கோடு போட வேண்டியதில்ல.

இப்ப கவர்ல சேத்து வச்ச தாளுக்கு வருவோம். அது போற இடத்துக்குப் பேர் கெனிஸா, ஒளிச்சு வைக்கிற இடம்னு அர்த்தம். சபை இருக்கிற ஊர்ல ஒரு பெட்டி இருக்கும், கிழிஞ்ச ஜெப புத்தகம், பழைய மெஸூஸா (வாசல் நிலையில பொருத்தற வசனச் சுருள்), பேர் எழுதின தாள் எல்லாம் அதுல போடுவாங்க, பெட்டி நிறைஞ்சதும் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணுவாங்க. ஆமா, மனுஷங்களைப் புதைக்கிற மாதிரியேதான். பழசான தோரா சுருளை மண் ஜாடியில வச்சு ஒரு அறிஞரோட கல்லறை பக்கத்துல புதைக்கணும்னு தல்மூத்லயே இருக்கு. புத்தகம் காலு பட்டா கண்ணுல ஒத்திக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், யூதப் பிள்ளைங்களும் ஜெப புத்தகம் கீழ விழுந்தா எடுத்து முத்தம் குடுப்பாங்க.

கெய்ரோவுல, பழைய ஃபுஸ்தாத் பகுதியில பென் எஸ்ரா சபைன்னு ஒண்ணு இருக்கு. அங்க புதைக்காம மாடி அறை ஒண்ணுலயே போட்டுப் போட்டு வச்சிட்டாங்க, நூத்துக்கணக்கான வருஷம். 1896 கடைசியில கேம்பிரிட்ஜ்ல இருந்து சாலமன் ஷெக்டர் அங்க போனார், அங்க இருந்து எடுத்துட்டு வந்த துண்டுகள் கேம்பிரிட்ஜ்ல மட்டும் 1,90,000க்கு மேல இருக்கு. ஹீப்ரு எழுத்துல இருக்கிற எதையும் தூக்கிப் போடத் தயங்கினதால, பைபிள் தாளோட வியாபாரக் கடிதம், கல்யாண ஒப்பந்தம், குழந்தைங்க எழுத்துப் பழகின தாள், மைமோனிதீஸ் சொந்தக் கையால எழுதினது வரைக்கும் கிடைச்சது. அதுல நம்ம பக்கத்துச் செய்தியும் இருக்கு. ஆபிரகாம் பென் யீஜுன்னு துனீசியாவுல இருந்து வந்த ஒரு யூத வியாபாரி 12ம் நூற்றாண்டுல பல வருஷம் மங்களூர்ல இருந்தார், அவருக்கு ஏடன் துறைமுகத்து நண்பர்கள் எழுதின கடிதங்கள் அந்த அறையில இருந்துதான் வந்தது. இங்க நல்ல பேப்பர் கிடைக்காதுன்னு அவருக்குப் பேப்பரைப் பரிசா அனுப்பியிருக்காங்க! ஒரு பேரை அழிக்கக் கூடாதுன்னு பயந்ததால, எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தின அரபிக் கடல் வியாபாரம் நமக்குத் தெரிய வந்திருக்கு. இதை நினைக்கிறப்ப எல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அதைவிடப் பழசு சாக்கடல் சுருள்கள். கும்ரான் குகையில கிடைச்ச ஆபகூக் விளக்கச் சுருள்ல மத்த வார்த்தை எல்லாம் அப்ப வழக்குல இருந்த சதுர எழுத்துல இருக்கும், பேர் மட்டும் பழைய ஹீப்ரு எழுத்துல இருக்கும். வேற சில சுருள்கள்ல பேருக்குப் பதிலா வெறும் நாலு புள்ளி.

இனி சோஃபெர் பத்தி, அதாவது தோரா சுருள், மெஸூஸா எல்லாம் கையால எழுதற எழுத்தர். நீங்க எழுதப் போறதில்ல, ஆனா அவர் எப்படி எழுதறார்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் எதுக்குன்னு தெரியும். பதப்படுத்தின தோல், வாத்து இல்ல வான்கோழி இறகு, கிழக்கத்திச் சமூகங்கள்ல நாணல் பேனா. ஒரு தோரா சுருள்ல 3,04,805 எழுத்து, பொதுவா ஒரு வருஷ வேலை. காலையில பேனா ஓடுதான்னு பாக்க, இஸ்ரவேலோட பழைய எதிரியான அமலேக்கோட பேரை எழுதி அடிச்சு விடற பழக்கம் உண்டு, ஏன்னா அந்தப் பேரை அழிக்கச் சொல்லி தோராவே சொல்லுது. அப்புறம் எழுத ஆரம்பிப்பார். கடவுள் பேர் வர்ற ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, "பேரோட புனிதத்துக்காக எழுதறேன்"னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் எழுதணும். மையில தொட்ட உடனே பேரோட முதல் எழுத்தை ஆரம்பிக்கக் கூடாது, அதுக்கு முன்னாடி இருக்கிற எழுத்துல இருந்து ஆரம்பிக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது, இஸ்ரவேல் ராஜாவே வந்து நலம் விசாரிச்சாலும் பதில் சொல்லக் கூடாது. எழுதறதுக்கு முன்னாடி மிக்வேங்கற சுத்திகரிப்புக் குளத்துல முங்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க.

தப்பு வந்தா மத்த வார்த்தையைக் கத்தியால சுரண்டிட்டு மறுபடி எழுதலாம். பேரைச் சுரண்ட முடியாது. பேரை எழுத மறந்திருந்தா முழுப் பேரையும் வரிக்கு மேல சின்னதா எழுதிச் சேக்கலாம், பாதி உள்ள பாதி மேலன்னு பிரிக்கக் கூடாது. எழுதக் கூடாத இடத்துல பேரை எழுதிட்டா அந்தத் தோல் முழுசும் கெனிஸாவுக்கு, அத்தனை நாள் உழைப்பும் போச்சு. மெஸூஸா, டெஃபிலின் (ஜெபத்தப்ப கையிலயும் நெத்தியிலயும் கட்டுற வசனப் பெட்டி) இதுல இன்னும் கஷ்டம், அதை வரிசை மாறாம எழுதணும்ங்கறதால பின்னாடி வந்து சேக்கவும் முடியாது. அதனாலதான் புதுசா தொழில் கத்துக்கிறவங்க பல பேர் எஸ்தர் சுருள்ல ஆரம்பிக்கிறாங்க, ஏன்னா எஸ்தர் புத்தகத்துல கடவுள் பேர் ஒரு இடத்துல கூட வராது.

மிஷ்னாவுல பென் கம்த்ஸார்னு ஒருத்தர் வர்றார், விரல் இடுக்குல நாலு பேனா பிடிச்சு நாலு எழுத்து வார்த்தையை ஒரே நேரத்துல எழுதுவார்னு தல்மூத் சொல்லுது, அந்த நாலு எழுத்து இந்தப் பேர்தான்னு விளக்கம் சொல்றவங்க உண்டு. பேர் ஒரு கணம் கூட அரைகுறையா நிக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு வித்தை. அதை அவர் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்னுட்டார், அதனால மிஷ்னா அவரைக் கண்டிச்சுத்தான் எழுதி வச்சிருக்கு.

பக்கத்துல சபையே இல்லாத நம்ம மாதிரி ஆளுங்க அந்தக் கவரை என்ன பண்றது? அலமாரியில காயாத நனையாத ஒரு இடத்துல வச்சிருங்க, செருப்பு, அழுக்குத்துணி பக்கத்துல வேண்டாம். யூத நண்பர் யாராவது வந்தாலோ நீங்க கொச்சி, மும்பை மாதிரி சபை இருக்கிற ஊருக்குப் போனாலோ, கெனிஸாவுல சேக்க முடியுமான்னு கேட்டுக் குடுங்க. என் பென்சில் தாள் இன்னும் பழுப்புக் கவர்ல எங்க வீட்டு ஹீப்ரு அகராதிக்குள்ளதான் இருக்கு. அந்தக் கோணல் எழுத்து ரெண்டாவதா வர்ற ஹே.

இந்தக் கட்டுரையில அந்த நாலு எழுத்தை ஒரு இடத்துலயும் ஹீப்ருல போடாம யோத், ஹே, வாவ், ஹேன்னு தமிழ்லயே எழுதினதும் அதுக்குத்தான். பிரிண்ட் எடுத்துப் படிக்கிறவங்க படிச்சு முடிச்சதும் தாராளமா பழைய பேப்பர்ல போடலாம்.